எழுத்தில் அடங்கும் எண்

கணக்குப் பாடத்தில் எண்கள் மட்டும் இருக்கும்வரை அஞ்சாத மாணவர் பலர், எண்ணுக்கு நடுவே ஓர் எழுத்து வந்து நின்றதும் தயங்குகின்றனர். எழுத்து மொழிக்கு உரியது, எண் கணக்குக்கு உரியது என்று நாம் பிரித்துவைத்திருப்பதே இத்தயக்கத்திற்குக் காரணம். தமிழில் இப்பிரிவு அத்துணைப் பழமையானது அன்று. நம் முன்னோர் க என்று எழுதி ஒன்று எனவும், உ என்று எழுதி இரண்டு எனவும், அ என்று எழுதி எட்டு எனவும் படித்தனர். ஆங்கே எழுத்துக்கு நிலையான மதிப்பு உண்டு. இயற்கணிதத்தில் வரும் எழுத்தோ மதிப்பு இன்னதென்று சொல்லப்படாத எண்ணுக்காக நிற்பது. வேறுபாடு அவ்வளவே.

பெயர் சொல்லாமல் ஒருவரைப் பேசும் முறை தமிழ் மாணவருக்குப் புதிதன்று. அகப்பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. தலைவன் எவ்வூரான், தலைவி யார் மகள் என்று பாடல் கூறாது. அதனாலேயே அப்பாடல் எல்லார்க்கும் பொருந்துகிறது. பெயரைச் சொல்லிவிட்டால் அது ஒருவர் வரலாறு ஆகிவிடும். கணக்கில் வரும் மாறியும் இத்தகையதே. ‘4-உம் 3-உம் கூடினால் 7’ என்பது ஒரு செய்தி. ‘இரண்டு எண்களை எவ்வரிசையில் கூட்டினாலும் தொகை ஒன்றே’ என்பது எல்லா எண்களுக்கும் உரிய உண்மை. இரண்டாவதைச் சுருங்கச் சொல்ல எழுத்து வேண்டும்.

சொற்கள் தரும் விளக்கம்

இத்துறைக்குத் தமிழில் அமைந்த கலைச்சொற்கள் அழகானவை. மலர்களைக் கோத்தாற்போல எண்களும் எழுத்துகளும் கூட்டல், கழித்தல் குறிகளால் கோக்கப்பட்டிருப்பது கோவை. கோவையில் கோக்கப்பட்ட ஒவ்வொன்றும் உறுப்பு. உறுப்பில் மதிப்பு மாறத்தக்க எழுத்து மாறி. மாறாத எண் மாறிலி. மாறியோடு பெருக்கலாய்ச் சேர்ந்து நிற்கும் எண் கெழு. கெழுமுதல் என்றால் பொருந்தி நிற்றல். திருக்குறளின் ‘பழைமை’ அதிகாரத்தில் உறுப்பு, கெழுதகைமை என்னும் இரு சொற்களும் ஒரே குறளில் அடுத்தடுத்து வருவதைத் தேடிக் காணலாம். வள்ளுவர் அங்குப் பேசுவது நட்பைப் பற்றி.

5ம + 4த + 20 என்னும் கோவையில் உறுப்புகள் மூன்று. முதல் உறுப்பின் கெழு 5, இரண்டாவதன் கெழு 4, மூன்றாவது மாறிலி. ஒன்றை மட்டும் உடையது ஓருறுப்புக் கோவை, இரண்டு உடையது ஈருறுப்புக் கோவை, மூன்று உடையது மூவுறுப்புக் கோவை எனப் பெயர்கள் தொடரும். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, உறுப்புகள் எங்கே பிரிகின்றன என்று கண்ணால் பிரித்தறியப் பழகுவது பயன் தரும். கூட்டல், கழித்தல் குறிகளே உறுப்புகளைப் பிரிப்பவை. பெருக்கலும் வகுத்தலும் ஓர் உறுப்புக்குள்ளேயே நிகழ்பவை.

உலகெங்கும் இக்கலை வளர்ந்த வரலாற்றிலும் பெயரில்லா எண்ணுக்குப் பெயரிடும் முயற்சியே முதன்மையாக இருந்தது. கி.பி. 628-இல் பிரம்மஸ்புட சித்தாந்தம் இயற்றிய பிரம்மகுப்தர் காலம் முதலே, இந்தியக் கணித அறிஞர் அறியப்படாத எண்களைக் கறுப்பு, நீலம், மஞ்சள் எனும் நிறங்களின் பெயரால் சுட்டினர். கறுப்பையும் நீலத்தையும் ஒன்றாகக் கூட்டலாகாது என்பதை நிறமே நினைவூட்டும். மிக நல்ல உத்தி. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் நூற்பெயரில் இடம்பெற்ற ‘அல்ஜப்ர்’ என்னும் அரபுச் சொல்லே ‘அல்ஜீப்ரா’ ஆயிற்று. குறைந்ததை நிறைத்துச் சீர்செய்தல் என்பது அதன் பொருள். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அச்சொல் வழங்கியது. இலங்கைத் தமிழர் இதனை அட்சரகணிதம் என்றனர். எழுத்தால் செய்யும் கணக்கு என்பதை அப்பெயர் நேராகவே சொல்கிறது.

ஒத்தவை சேரும்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் முகூர்த்த நாளுக்கு முந்திய மாலையில் பூ வாங்கச் சென்றவர்க்குத் தெரியும், நேற்றைய விலை இன்று இராது. எனவே பூக்கணக்கு மாறிக்குப் பொருத்தமான களம். திருமண வீட்டார் ஒருவர் 5 முழம் மல்லிகையும் 4 தாமரையும் வாங்கினார். அவ்வீட்டாரே மற்றொருவர் 2 முழம் மல்லிகையும் 3 தாமரையும் வாங்கினார். இருவரும் செலவழித்தது எவ்வளவு? விலை தெரியாமலே கணக்கை எழுதிவைக்கலாம்.

5ம + 4த + 2ம + 3த

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 5ம என்பதை ‘ஐந்து மல்லிகை’ என்று படித்தல் கூடாது. ம என்பது மல்லிகை அன்று. ஒரு முழம் மல்லிகையின் விலை. அஃதாவது ஓர் எண். எழுத்தைப் பொருளாகக் கொண்டால், ‘மல்லிகையைத் தாமரையால் பெருக்குவது எப்படி?’ என்ற கேள்வி எழுந்து நம்மைத் திகைக்க வைக்கும். எண்ணாகக் கொண்டால் எந்தத் திகைப்பும் இல்லை. எண்ணை எண்ணால் பெருக்குவது நாம் அறிந்ததே.

ஒரே மாறி, ஒரே அடுக்கில் வரும் உறுப்புகள் ஒத்த உறுப்புகள். 5ம-உம் 2ம-உம் ஒத்தவை. சேர்ந்து 7ம ஆகின்றன. 4த-உம் 3த-உம் சேர்ந்து 7த ஆகின்றன. 7ம-உம் 7த-உம் ஒத்தவை அல்ல. ஆதலால் அவற்றை 14மத என்று ஒட்டுதல் பிழை. ஆனால் இரண்டிலும் 7 பொதுவாக இருப்பதால் அதனை வெளியே எடுத்து 7(ம + த) என எழுதலாம். ஒரு முழம் மல்லிகையையும் ஒரு தாமரையையும் ஒரு கட்டாக எண்ணினால் ஏழு கட்டு என்பது இதன் பொருள். ஒரு முழம் 60 ரூபாய், ஒரு தாமரை 15 ரூபாய் என வைத்துப் பார்ப்போம். முதற்கோவைப்படி 300 + 60 + 120 + 45. சுருங்கிய கோவைப்படி 7 × 75. இரண்டும் 525. நாளை விலை மாறினாலும் இரண்டும் ஒன்றாகவே மாறும். சுருக்குதல் என்பது இதுதான்: தோற்றம் மாறும்; மதிப்பு எந்நிலையிலும் மாறாது.

அடுக்கு வேறுபட்டாலும் உறுப்புகள் ஒவ்வா. ம என்பதும் ம² என்பதும் ஒரே எழுத்தால் ஆனவை எனினும் ஒன்றல்ல. ஓர் அடி நீளக் கயிற்றையும் ஒரு சதுர அடித் தரையையும் கூட்டி ‘இரண்டு’ என்று யாரும் சொல்வதில்லை.

அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் குறி வந்தால் உள்ளிருக்கும் ஒவ்வோர் உறுப்பின் குறியும் மாறும் என்பது விதி. இவ்விதியை மனப்பாடம் செய்தோர் பலர். காரணம் சொல்வோர் சிலர். நூறு ரூபாயைக் கொடுத்து ஒரு முழம் மல்லிகை வாங்குகிறீர்கள். கடைக்காரர் விலையில் 5 ரூபாய் குறைக்கிறார். அவர் திருப்பித் தரவேண்டியது 100 − (ம − 5). விலை குறைந்ததால் உங்கள் கைக்கு வரும் மீதி கூடத்தானே வேண்டும்? ஆகவே அது 100 − ம + 5. கழித்தல் கூட்டலாக மாறிய காரணம் பூக்கடையிலேயே இருக்கிறது.

ஒரு வாய்பாடு, இரு தோற்றம்

தமிழில் கணக்கு நூல்கள் செய்யுளாகவே வழங்கின. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் அவற்றுள் புகழ்பெற்றது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் எண்ணிக்கையை அறிய அந்நூல் ஒரு வழி கூறுகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள்களின் எண்ணிக்கையைப் ப எனக் கொண்டால் சுளைகள் 6ப/5. எந்தப் பழத்திற்கும் உரிய ஒரு விதியை ஒரு மாறி கொண்டு சொல்லும் கோவை இது. முள் 50 எனில் சுளை 60. முள் 52 எனில் 62.4 என்று வரும். சுளையில் பின்னம் ஏது? ஆகையால் இது மதிப்பீட்டு விதியே அன்றித் துல்லிய விதி ஆகாது என்பதைப் பழத்தை அறுக்காமலே கோவை காட்டிவிடுகிறது.

அதே நூல் வட்டத்தின் பரப்புக்கும் விதி தருகிறது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குக என்பது அதன் கருத்து. பள்ளியில் நாம் கற்றதோ ‘பை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம்’. இரண்டும் ஒன்றா? ஆரத்தை ஆ எனக் கொள்வோம். சுற்றளவு 2 × பை × ஆ. அதில் பாதி பை × ஆ. விட்டம் 2ஆ, அதில் பாதி ஆ. பெருக்கினால் பை × ஆ². இரண்டு விதிகளும் ஒன்றே என்பது இரண்டு வரிகளில் உறுதியாகிறது. ஒரு வட்டத்தை வரைந்து அளந்து பார்த்திருந்தால் அந்த ஒரு வட்டத்திற்கு மட்டுமே விடை கிடைத்திருக்கும்.

கர்ணத்தைக் காணும் பாடல்

இனிச் சற்றுக் கடினமான, ஆனால் சுவையான வழக்கு ஒன்றைக் காண்போம். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காண வர்க்கமும் வர்க்கமூலமும் வேண்டாத ஒரு வழியைக் கூறும் தமிழ்ப்பாடல், போதாயனார் என்னும் பெயரோடு வழங்கி வருகிறது. அதனை ஆக்கியவர் யார், எக்காலத்தவர் என்னும் ஆராய்ச்சி இங்கு நமக்கு வேண்டா. பாடல் கூறும் விதி இது: கிடைநீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளுக, எஞ்சியதோடு உயரத்தில் பாதியைச் சேர்க்க, வருவது கர்ணம்.

இப்பாடல் இக்காலத்தில் கைப்பேசிகளில் பெரிதும் பகிரப்படுகிறது. ‘பித்தகோரசு தேற்றத்தைவிட எளிய தேற்றத்தைத் தமிழர் கண்டனர்’ என்று பெருமிதத்தோடு பலரும், ‘கட்டுக்கதை’ என்று ஏளனத்தோடு சிலரும் எழுதுகின்றனர். இரு சாராரும் ஒன்றிரண்டு எண்களை இட்டுப்பார்த்தே முடிவு கூறுகின்றனர். நாம் கோவையாக்கிப் பார்ப்போம்.

நீளத்தை ந எனலாம். உயரத்திற்கு எந்த எழுத்தை வைப்பது? சொல்லின் முதலெழுத்தாகிய உ பழந்தமிழ் எண்முறையில் இரண்டு. அடுத்த எழுத்தாகிய ய பத்து. குழப்பம் வேண்டா எனக் கருதி மூன்றாம் எழுத்தாகிய ர-வை எடுத்துக்கொள்வோம். எட்டில் ஒரு கூறு தள்ளினால் எஞ்சுவது 7ந/8. ஆகவே பாடலின் விடை

7ந/8 + ர/2

உண்மைக் கர்ணத்தின் வர்க்கம், நாம் அறிந்தபடி, ந² + ர².

முதலில் எண்களை இட்டுப்பார்ப்போம். நீளம் 4, உயரம் 3 எனில் பாடலின்படி 3.5 + 1.5 = 5. சரி. நீளம் 8, உயரம் 6 எனில் 7 + 3 = 10. சரி. நீளம் 12, உயரம் 5 எனில் 10.5 + 2.5 = 13. இதுவும் சரி. மூன்று முறை சரியாக வந்துவிட்டதே என்று இங்கேயே நின்றவர்கள்தாம் பெருமிதம் கொண்டவர்கள். நீளம் 15, உயரம் 8 எனில் கர்ணம் 17 வரவேண்டும், பாடல் 17.125 தருகிறது. நீளம் 24, உயரம் 7 எனில் 25 வரவேண்டும், பாடல் 24.5 தருகிறது. இங்கே நின்றவர்கள்தாம் ஏளனம் செய்தவர்கள்.

எப்போது பொருந்துகிறது, எப்போது பொருந்தவில்லை, ஏன் என்பதை எண்களை இட்டுக்கொண்டே போய் அறிய முடியாது; எண்கள் முடிவற்றவை. உண்மைக் கர்ணத்தின் வர்க்கத்திலிருந்து பாடல் தரும் விடையின் வர்க்கத்தைக் கழித்துச் சுருக்க வேண்டும். வேறுபாடு சுழி எனில் பாடல் சரி; மிகை எனில் பாடலின் விடை குறைவு; குறை எனில் பாடலின் விடை அதிகம்.

பாடலின் விடையை வர்க்கப்படுத்துவோம். ஈருறுப்புக் கோவையின் வர்க்கம் மூன்று உறுப்புகளாக விரியும்: முதலுறுப்பின் வர்க்கம், இரண்டையும் பெருக்கியதன் இருமடங்கு, இரண்டாம் உறுப்பின் வர்க்கம். இங்கு முதலாவது 49ந²/64. நடுவில் இருப்பது 2 × (7ந/8) × (ர/2) = 7நர/8. மூன்றாவது ர²/4. இம்மூன்றையும் ந² + ர² என்பதிலிருந்து கழிக்கிறோம். அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் குறி இருப்பதை மறத்தல் ஆகாது.

ந² + ர² − (49ந²/64 + 7நர/8 + ர²/4)
= ந² + ர² − 49ந²/64 − 7நர/8 − ர²/4

ஒத்த உறுப்புகளைச் சேர்ப்போம். ந² உறுப்புகள் சேர்ந்து 15ந²/64. ர² உறுப்புகள் சேர்ந்து 3ர²/4, அஃதாவது 48ர²/64. நடு உறுப்பு 56நர/64. அனைத்திற்கும் பகுதி 64 ஆகிவிட்டதால்

(15ந² − 56நர + 48ர²) / 64

என்று முடிகிறது. இங்கேயே விட்டுவிட்டால் இக்கோவை எதையும் பேசாது. காரணிப்படுத்தினால்தான் பேசும். முதல், இறுதிக் கெழுக்களின் பெருக்கம் 15 × 48 = 720. பெருக்கினால் 720-உம் கூட்டினால் 56-உம் தரும் இரு எண்கள் 20-உம் 36-உம். எனவே நடு உறுப்பை இரண்டாகப் பிரிக்கிறோம்.

15ந² − 20நர − 36நர + 48ர²
= 5ந(3ந − 4ர) − 12ர(3ந − 4ர)
= (3ந − 4ர)(5ந − 12ர)

இரு காரணிகளுள் ஒன்று சுழியானால் வேறுபாடு சுழியாகும். முதற்காரணி சுழியாக வேண்டுமெனில் 3ந = 4ர; நீளமும் உயரமும் 4-க்கு 3 என்னும் விகிதத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது சுழியாக வேண்டுமெனில் 5ந = 12ர; விகிதம் 12-க்கு 5. இவ்விரு விகிதங்களில் பாடல் துல்லியமானது. வேறு எந்த விகிதத்திலும் துல்லியமானது அன்று. நாம் முன்னர் இட்ட எண்கள் மூன்றும் (4, 3, 8, 6, 12, 5) இவ்விரு குடும்பங்களுக்குள்ளேயே அடங்கியிருந்தன என்பதை இப்போது கவனியுங்கள்.

எனக்கு இதில் வியப்பளிப்பது வேறொன்று. பொதுக்காரணி இல்லாத முழு எண்களால் அமையும் செங்கோண முக்கோணங்களுள் மிகச் சிறியவை 3, 4, 5 என்பதும் 5, 12, 13 என்பதும். ஏழு எட்டில், ஒன்று இரண்டில் என்னும் இரண்டே பின்னங்களால் அவ்விரண்டையும் ஒருங்கே பிடிக்கும் விதியை அமைத்தவர் கணக்கறிவு இல்லாதவராக இருந்திருக்க முடியாது. அதனைத் தேற்றம் என்று புகழ்வது செய்யாததைச் செய்ததாகச் சொல்வது. கட்டுக்கதை என்று தள்ளுவதோ செய்ததை மறுப்பது.

படிக்கட்டும் சாய்தளமும்

காரணிகளின் குறியைப் பார்த்தால் மற்றொன்றும் விளங்கும். விகிதம் இவ்விரு எல்லைகளுக்கு இடையில் இருக்கும்போது, அஃதாவது உயரம் நீளத்தில் 5/12 பங்குக்கு மேலும் 3/4 பங்குக்குக் கீழும் இருக்கும்போது, முதற்காரணி மிகை, இரண்டாவது குறை. பெருக்கம் குறையாகிறது. அந்நிலையில் பாடலின் விடை உண்மைக் கர்ணத்தைவிடச் சற்று அதிகம்.

தாம்பரம் போன்ற புறநகரில் வீடு கட்டுவோர் படிக்கட்டுக்குக் கைப்பிடிக் குழாய் பொருத்துவதை எண்ணுங்கள். ஒரு படியின் அகலம் 30 செ.மீ., உயரம் 15 செ.மீ. எனக் கொண்டால் 20 படிகளுக்குக் கிடைநீளம் 600 செ.மீ., உயரம் 300 செ.மீ. விகிதம் 2-க்கு 1. மேற்சொன்ன எல்லைகளுக்குள் அடங்குகிறது. பாடலின்படி 525 + 150 = 675 செ.மீ. உண்மை நீளம் ஏறத்தாழ 671 செ.மீ. நான்கு செ.மீ. கூடுதல். குழாய் வெட்டுபவர்க்கு இது நல்ல பிழை: கூடுதலை அறுத்துவிடலாம், குறைந்ததை இழுத்து நீட்ட முடியாது. ஓட்டு வீட்டுச் சாய்கூரைக்குக் கைமரம் அறுப்பவர்க்கும் இஃதே நிலை. தாளும் எழுதுகோலும் இன்றி, கயிற்றை எட்டாக மடித்தும் இரண்டாக மடித்தும் இவ்விடையைக் காணலாம் என்பதை நினைத்தால், பாடலின் பயன் தேர்வுத்தாளில் இல்லை, வேலைத்தளத்தில் இருந்தது என்று கொள்வது பொருந்தும்.

எல்லைக்கு வெளியே சென்றால் நிலை மாறும். சக்கர நாற்காலி செல்வதற்கான சாய்தளம், 12 பங்கு நீளத்திற்கு 1 பங்கு உயரம் என்னும் அளவில் அமைக்கப்படுவது வழக்கம். நீளம் 12 மீட்டர், உயரம் 1 மீட்டர் எனில் பாடலின்படி சாய்வுநீளம் 10.5 + 0.5 = 11 மீட்டர். அடிநீளமே 12 மீட்டர் இருக்க, சாய்வு அதைவிடக் குறைவது எங்ஙனம்? இவ்வபத்தம் எப்போதெல்லாம் நிகழும் என்பதையும் கோவையே சொல்லும். 7ந/8 + ர/2 என்பது ந-வைவிடக் குறைய வேண்டுமெனில் ர/2 என்பது ந/8-ஐவிடக் குறைய வேண்டும்; அஃதாவது 4ர, ந-வைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். உயரம் நீளத்தில் கால்பங்குக்கும் குறைந்த எந்தச் சரிவுக்கும் இவ்விதியைப் பயன்படுத்தலாகாது.

செங்குத்தான பக்கத்திலும் இடர் உண்டு. நீளமும் உயரமும் சமமெனில் இரு காரணிகளும் குறை, பெருக்கம் மிகை, பாடலின் விடை குறைகிறது. இரண்டும் ஒரு மீட்டர் எனில் பாடல் 1.375 மீட்டர் தரும். உண்மை ஏறத்தாழ 1.414 மீட்டர். குறைவு நான்கு செ.மீ. கூட இல்லை. சிறிய முக்கோணத்தில் இதனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பெரிய முக்கோணத்தில் பொறுத்துக்கொள்ள இயலுமா? அதற்கும் நம் பகுதியிலேயே சான்று உண்டு. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்னும் நில அளவையாளர் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் குன்றை நோக்கிச் சென்ற அக்கோட்டின் நீளம் ஏறத்தாழ 12 கி.மீ. நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கிடைமட்டம் பிறழாமல் மீண்டும் மீண்டும் வைத்து அளந்தனர். 57 நாள்கள் ஆயின. அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணத்தை எழுப்பி, அம்முக்கோணத்தின் பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணத்தை எழுப்பி, இந்தியத் துணைக்கண்டத்தின் நெடுக்கில் அளவை நீண்டது. பிற்காலத்தில் இமயத்தின் உயரங்களைக் கணித்ததும் இவ்வளவைப் பணியின் தொடர்ச்சியே.

அத்தகைய வேலையில் இரு பக்கமும் 12 கி.மீ. உள்ள செங்கோண முக்கோணம் ஒன்று வந்ததாகக் கொள்வோம். பாடலின்படி கர்ணம் 10.5 + 6 = 16.5 கி.மீ. உண்மையோ ஏறத்தாழ 16.97 கி.மீ. ஒரே முக்கோணத்தில் 470 மீட்டர் காணாமற்போகிறது. அடுத்த முக்கோணம் இந்தப் பிழையின்மேல் எழும்; அதற்கடுத்தது அப்பிழையின்மேல் எழும். கைமரத்துக்கு ஏற்ற கோவை வேறு, கண்டத்தை அளக்க ஏற்ற கோவை வேறு.

பாடலின் விதி தேற்றம் ஆகாது என்பதை, வர்க்கப்படுத்தாமலும் எந்த எண்ணையும் இடாமலும் ஒரு பார்வையில் கண்டுகொள்ள ஒரு வழி இருக்கிறது. முக்கோணத்தைத் திருப்பி வைத்தால் நீளம் உயரமாகும், உயரம் நீளமாகும், கர்ணம் மாறாது. ந² + ர² என்பதில் ந-வையும் ர-வையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோவை அப்படியே இருக்கிறது. 7ந/8 + ர/2 என்பதில் இடம் மாற்றிப் பாருங்கள். 7ர/8 + ந/2 என்று வேறொரு கோவை வருகிறது. நீளம் 4, உயரம் 3 என்றிருந்தபோது 5 தந்த விதி, அதே முக்கோணத்தைத் திருப்பி நீளம் 3, உயரம் 4 என்றதும் 4.625 தருகிறது.